வீட்டில் படுத்த படுக்கையாக ஒருவர்: பார்த்துக்கொள்பவரின் மனம் தாங்க எந்த ஏற்பாடு சரி?

பக்கவாதம் வந்து ஒரு பக்கம் செயலிழந்துபோன அப்பா. மறதிநோய் முற்றி ராத்திரி முழுக்க எழுந்து நடக்கும் மாமியார். புற்றுநோயின் கடைசிக் கட்டத்தில் கணவர். இப்படி ஒருவர் வீட்டில் இருக்கும்போது எல்லாரும் திணறும் கேள்வி ஒன்றுதான்: நாமே பார்ப்பதா, ஆள் வைப்பதா, இல்லத்தில் சேர்ப்பதா?

பெரும்பாலான குடும்பங்கள் நோயாளியின் வசதியையும் கையிலிருக்கும் பணத்தையும் மட்டும் பார்த்து முடிவெடுக்கின்றன. பார்த்துக்கொள்பவரின் மனநிலை அந்தக் கணக்கில் வருவதே இல்லை. அவர் படுத்துவிட்டால் எந்த ஏற்பாடும் நிலைக்காது. அமெரிக்காவில் ஷுல்ஸ், பீச் இருவரும் 1999-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. கணவனையோ மனைவியையோ பராமரித்து, அதனால் மன அழுத்தத்துக்கு ஆளான முதியவர்கள் நான்கு ஆண்டுகளுக்குள் இறக்கும் வாய்ப்பு, பராமரிப்புப் பொறுப்பு இல்லாதவர்களைவிட 63 சதவீதம் கூடுதல் என்று அது கண்டது. பராமரித்தும் அழுத்தம் இல்லாதவர்களிடம் அந்த உயர்வு தென்படவில்லை. ஆகவே அழுத்தத்தைக் குறைக்கிற ஏற்பாடுதான் நமக்கு வேண்டும். இந்த ஒப்பீடு அதையே முதலில் வைக்கிறது.

## எதை வைத்து எடை போடுவது

தூக்கம். மொத்தம் எத்தனை மணி நேரம் என்பதைவிட, இடையில் எழாமல் எவ்வளவு என்று பாருங்கள். தானாகப் புரள முடியாதவரைப் படுக்கைப் புண் வராமலிருக்க சுமார் இரண்டு மணிக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். ஒரே ஆள் இதை இரவும் பகலும் செய்தால் ஒரு வாரத்திலேயே எரிச்சலும் அழுகையும் வரும். வாரத்தில் நான்கு இரவாவது ஐந்தாறு மணி நேரம் ஒரே மூச்சில் தூங்க வழியில்லாத ஏற்பாடு நீடிக்காது.

பொறுப்பில்லாத நேரம். மருந்துக் கடைக்குப் போய் வருவது ஓய்வாகாது. போன் அடித்தாலும் வேறொருவர் பார்த்துக்கொள்வார் என்ற நிலையில் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் கிடைக்கிறது?

நோயாளியின் தேவை. தூக்கி உட்கார வைக்க வேண்டுமா, மூக்குக் குழாய் வழியே உணவா, சிறுநீர்க் குழாய் இருக்கிறதா, கதவைத் திறந்து வெளியே போய்விடுவாரா?

எவ்வளவு காலம். பக்கவாதத்தில் முன்னேற்றத்தின் பெரும்பகுதி முதல் மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள் தெரிந்துவிடும். மறதிநோய் ஆண்டுக்கணக்கில் நீளும். மூன்று மாதத்துக்குத் தாங்கும் ஏற்பாட்டை ஐந்து வருடத்துக்கு இழுப்பதுதான் இந்த விஷயத்தில் நடக்கும் ஆகப் பெரிய தவறு.

முழுச் செலவு. கொடுக்கும் பணம் மட்டுமல்ல, இழக்கும் சம்பளமும் சேர்த்து.

முடிவெடுக்கும் முன் பார்த்துக்கொள்பவரின் நிலையை ஒருமுறை அளந்துவிடுங்கள். 'ஸாரிட்' சுமை மதிப்பீடு என்று 22 கேள்விகள் கொண்ட ஒரு படிவம் உண்டு. மதிப்பெண் 0 முதல் 88 வரை. 41-ஐத் தாண்டினால் சுமை கடுமையை நோக்கிப் போகிறது என்று கொள்ளலாம். மனநல மருத்துவரிடமோ மருத்துவமனை சமூகப் பணியாளரிடமோ கேட்டால் போட்டுப் பார்த்துச் சொல்வார்கள். "எனக்கு ஒன்றுமில்லை, நான் சமாளிப்பேன்" என்று சொல்பவருக்கும் அந்த எண்ணைப் பார்த்ததும் பேச வாய் வரும்.

## 1. ஒருவரே முழுப் பொறுப்பு

நம் வீடுகளில் இது யாரும் உட்கார்ந்து எடுத்த முடிவாக இருப்பதில்லை. மருமகளோ, மனைவியோ, கல்யாணமாகாத மகளோ முதல் வாரம் பார்த்தார். பிறகு அது அவர் வேலையாகிவிட்டது.

நோயாளி கைத்தாங்கலாகக் கழிப்பறை வரை போகக்கூடியவர், இரவில் தூங்குகிறார், மூன்று மாதத்துக்குள் தேறிவிடுவார் என்றால் இது நல்ல வழிதான். வீட்டில் இன்னொரு பெரியவர் தினமும் குறித்த நேரத்தில் இரண்டு மணி நேரம் பொறுப்பேற்க வேண்டும் என்பது நிபந்தனை.

செலவே இல்லாத வழி இது என்று நினைப்பது பிழை. மாதம் ₹20,000 சம்பளத்தில் இருக்கும் மகள் வேலையை விடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சம்பளத்தோடு முதலாளி கட்டும் சேமநிதிப் பங்கும் போகிறது. மாதச் சம்பளம் ₹21,000 வரை உள்ளவர்களுக்கு இ.எஸ்.ஐ. காப்பீடு உண்டு, அவரைச் சார்ந்திருக்கும் பெற்றோருக்கும் அதில் மருத்துவம் கிடைக்கும். அப்பாவைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டதாலேயே அப்பாவின் மருத்துவக் காப்பு போய்விடுகிறது. ராஜினாமா கடிதம் கொடுப்பதற்கு முன் இதைக் கணக்கிட்டுப் பாருங்கள்.

உடம்புக்கும் விலை உண்டு. ஒற்றை ஆளாக அக்குளில் கை கொடுத்துத் தூக்குவதால் தூக்குபவருக்கு இடுப்பு போகும். செயலிழந்த பக்கத்துக் கையைப் பிடித்து இழுத்தால் நோயாளிக்குத் தோள்மூட்டு விலகும். தோளிலிருந்து தொடை வரை வரும்படி ஒரு போர்வையை மடித்து அடியில் விரித்து, இருபுறமும் இருவர் பிடித்து நகர்த்துவதே முறை. இருவர் வேண்டும் என்பதே இந்த வழியின் எல்லையைச் சொல்லிவிடுகிறது.

சத்தமில்லாமல் நடக்கும் ஆபத்து ஒன்று. நோயாளிக்கு எழுதிக்கொடுத்த தூக்க மாத்திரையிலிருந்து அரை மாத்திரையைப் பார்த்துக்கொள்பவர் போட ஆரம்பிக்கிறார். அல்பிரஸோலம், குளோனஸிபாம் வகை மாத்திரைகள் சில வாரங்களிலேயே பழக்கமாகிவிடக்கூடியவை. பிறகு திடீரென நிறுத்தினால் நடுக்கமும் பதற்றமும் வரும், சிலருக்கு வலிப்பும் வரலாம். மாத்திரை அட்டை கணக்குக்கு முன்பே தீர்கிறதென்றால் அதட்டாமல் கேளுங்கள்.

## 2. உடன்பிறந்தவர்கள் முறை வைத்துப் பார்ப்பது

"மாசம் ஒரு வீடு" என்று அம்மாவை மூன்று பிள்ளைகள் வீட்டுக்கும் சுழற்றுவது நியாயமாகத் தெரியும். மனத்தெளிவோடு, ஓரளவு நடமாட்டத்தோடு இருப்பவருக்கு இது ஒத்துவரும். மறதிநோய் உள்ளவருக்கு ஒத்துவராது. ராத்திரி எழுந்தால் கழிப்பறை எந்தப் பக்கம் என்று தெரியாமல் விழுவார். "என் வீட்டுக்குப் போகணும்" என்ற அரற்றல் ஒவ்வொரு மாதமும் புதிதாகத் தொடங்கும். ஒரு வீட்டில் பழகி முடிப்பதற்குள் அடுத்த மாதம் வந்துவிடும். மருந்தும் குழம்பும். ஒரு ஊர் மருத்துவர் எழுதிய ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையையே இன்னொரு ஊரில் வேறு பெயரில் எழுத, இரண்டும் சேர்ந்து போகும்.

இதைவிட நல்லது நோயாளி ஒரே இடத்தில் இருக்க, பிள்ளைகள் வந்து போவது. வாரத்தில் குறித்த இரண்டு மூன்று இரவுகள் தம்பி வந்து படுக்கிறார். வெளிநாட்டிலிருக்கும் அக்கா வர முடியாத தன் முறைக்கு இரவு ஆளுக்கான பணம் அனுப்புகிறார். தேதி, பெயர், தொகை மூன்றையும் குடும்ப வாட்ஸப் குழுவில் எழுதிவிட வேண்டும். "முடிஞ்சப்ப வர்றேன்" என்பதை ஏற்பாடாக எண்ணாதீர்கள்.

பணத்தைவிட அதிகம் காயப்படுத்துவது அதிகாரச் சண்டை. மலம் அள்ளுபவர் ஒருவர், போனில் யோசனை சொல்பவர் இன்னொருவர், விசேஷத்துக்கு வந்து "அம்மா இப்படி இளைச்சுட்டாளே" என்று கேட்பவர் மூன்றாமவர். அந்த ஒரு வாக்கியம் மாதக்கணக்கில் உள்ளே அறுக்கும். சாப்பாடு, குளியல், மருந்து நேரம், எந்த ஆளை வைப்பது ஆகிய அன்றாட விஷயங்களில் உடனிருந்து பார்ப்பவர் சொல்வதே முடிவு என்று எல்லாரும் ஒப்புக்கொண்ட பிறகுதான் முறை வைப்பது வேலை செய்யும்.

## 3. ஏஜென்சி மூலம் ஆள் வைப்பது

ஓரளவு வசதியுள்ள குடும்பங்களுக்குப் பெரும்பாலும் சரிப்படும் வழி இதுதான் என்பது எங்கள் கருத்து. ஆனால் எந்த நேரத்துக்கு ஆள் என்பதில்தான் பலர் தப்பாகத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

பகல் ஆள் (12 மணி நேரம்), இரவு ஆள் (12 மணி நேரம்), வீட்டோடு தங்கும் 24 மணி நேர ஆள் என மூன்று வகை. தங்கும் ஆளும் மனிதர்தான். ஏழெட்டு மணி நேரம் தூங்க வேண்டும். பகலெல்லாம் வேலை செய்தவர் இரவிலும் இரண்டு மணிக்கு ஒருமுறை எழுந்து திருப்பிப் போடுவார் என்று எதிர்பார்ப்பது நடக்காத காரியம். இரவும் ஆள் இருக்கிறது என்று நம்பிக் காசு கொடுத்துவிட்டுக் கடைசியில் இரவில் எழுவது மருமகள்தான். இரவில் மூன்று முறைக்கு மேல் எழ வேண்டிய நோயாளிக்குத் தனி இரவு ஆள் வேண்டும்.

ஒரே ஒரு வேளைக்குத்தான் வசதி, பார்த்துக்கொள்பவர் பகலில் வீட்டில்தான் இருக்கிறார் என்றால், இரவு ஆளையே வையுங்கள். பகல் வேலையைத் தூங்கி எழுந்த மனம் சமாளிக்கும். அவர் வேலைக்குப் போகிறவரானால் பகல் ஆள் தவிர வேறு வழியில்லை. அப்போது வாரத்தில் இரண்டு இரவையாவது வேறொருவர் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இரவு ஆள் தூங்கிவிடுகிறாரா என்று ஒட்டுக்கேட்டுக்கொண்டே படுத்திருந்தால் ஆள் வைத்த பயன் இல்லை. கட்டிலருகே ஒரு தாள் ஒட்டி, திருப்பிப் படுக்க வைத்த நேரம், எந்தப் பக்கம், டயாப்பர் மாற்றிய நேரம், சிறுநீர்ப் பையின் அளவு ஆகியவற்றை எழுதச் சொல்லுங்கள். காலையில் இடுப்பெலும்பு, குதிகால், புட்டத்துக்கு மேலே உள்ள எலும்பு ஆகிய இடங்களைப் பாருங்கள். அழுத்தியும் வெளுக்காத சிவப்பு இருந்தால் திருப்பியது போதவில்லை என்று அர்த்தம். சரிபார்க்க இது போதும். நீங்கள் வேறு அறையில் கதவைச் சாத்திப் படுங்கள்.

செலவை இப்படிப் போட்டுப் பாருங்கள். ஏஜென்சி சொல்லும் நாள் தொகை ₹1,000 என்று வைத்துக்கொண்டால் மாதம் ₹30,000. தங்கும் ஆளுக்குச் சாப்பாடு நாளுக்கு ₹100 என்றால் ₹3,000. இதற்கு மேல் பதிவுக் கட்டணம், முன்பணம். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்குப் போகும் நாட்களில் மாற்று ஆள் வருவாரா, வந்தால் யார் காசு என்பதை எழுத்தில் வாங்குங்கள். ஆள் நின்றுவிட்டால் எத்தனை மணி நேரத்தில் அடுத்தவர் வருவார் என்பதையும் கேளுங்கள். "ஹோம் நர்ஸ்" என்று ஏஜென்சி அனுப்புபவர் பெரும்பாலும் செவிலியர் படிப்பு படித்தவராக இருக்கமாட்டார். ஊசி போடுவது, மூக்குக் குழாய் செருகுவது, சிறுநீர்க் குழாய் மாற்றுவது அவர் வேலையல்ல. அதற்குப் படித்த செவிலியரைத் தனியாக அழைக்க வேண்டும், அது தனிச் செலவு.

ஆள் மாறும் ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லிக்கொடுப்பது மனத்தைச் சோர்வடைய வைக்கும். ஒரு பக்கத் தாள் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டால் பாதிச் சுமை குறையும்: மருந்தும் நேரமும், குழாயில் உணவு கொடுக்கும்போது தலைப்பக்கம் 30 முதல் 45 பாகை உயர்த்த வேண்டும் என்பது, கொடுத்த பிறகும் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் படுக்க வைக்கக்கூடாது என்பது, எந்தக் கையைப் பிடித்து இழுக்கக்கூடாது என்பது, எந்த அறிகுறி தெரிந்தால் யாரைக் கூப்பிடுவது என்பது.

மறதிநோய் உள்ளவர் வீட்டில் இன்னொன்றுக்கும் தயாராக இருங்கள். "என் வளையலை இவதான் எடுத்துட்டா" என்று ஆள் மீது பழி வரும். நோயின் ஒரு பகுதி அது. முதல் நாளே நகையையும் பணத்தையும் வங்கி லாக்கருக்கு மாற்றிவிட்டு, இப்படிச் சொல்வார் என்று வரும் ஆளிடமும் முன்கூட்டியே சொல்லிவிட்டால், ஒரு நல்ல ஆளை அவமானப்படுத்தி இழக்க நேராது.

## 4. பகல்நேர மையமும் தற்காலிகத் தங்கலும்

காலையில் விட்டு மாலையில் அழைத்து வரும் மையங்கள் பெரும்பாலும் பெருநகரங்களில்தான் உள்ளன. உட்கார முடிந்த, வண்டியில் ஏற முடிந்த மறதிநோயாளிக்கு, அதுவும் தொடக்க, நடுக் கட்டங்களில் இது அருமையான வழி. சாயங்காலம் ஆனதும் கூடும் அவருடைய பதற்றமும் பகலில் ஈடுபாடு இருந்தால் ஓரளவு அடங்கும். இரவுத் தூக்கம் இதனால் உறுதியாகாது. தினமும் இரண்டு முறை போக்குவரத்து மறைமுகச் செலவு.

தற்காலிகத் தங்கல் என்பது ஒன்றிரண்டு வாரம் மட்டும் இல்லத்தில் விட்டுப் பிறகு அழைத்துக்கொள்வது. பார்த்துக்கொள்பவருக்கு அறுவை சிகிச்சை, பிள்ளைக்குப் பொதுத் தேர்வு, அல்லது உடைந்துபோகும் நிலை என்றால் இதுதான் சரி. நெருக்கடியில் தேடினால் கிடைக்காது. முன்பே பார்த்துப் பேசி வைக்க வேண்டும்.

புற்றுநோயின் இறுதிக் கட்டமானால் வலியையும் அவதியையும் தணிக்கும் நிவாரண சிகிச்சை இல்லங்கள் தனி வகை. சென்னை மாத்தூரில் ஜீவோதயா கட்டணமில்லாமல் ஏற்கிறது. வீட்டிலேயே வைத்துக்கொள்ள விரும்பினால், 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நிவாரண சிகிச்சையும் இயன்முறை சிகிச்சையும் வீடு தேடி வரும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுக்க வேண்டும். வலி அடங்கினால் உடனிருப்பவரின் மனமும் பாதி அடங்கும்.

## 5. நிரந்தரமாக இல்லத்தில் சேர்ப்பது

தூக்கம், விடுதலை இரண்டுக்கும் அதிக மதிப்பெண் இதற்கே. ஆனால் மனச்சுமை இடம் மாறுகிறது. முதல் இரண்டு மூன்று மாதம் குற்றவுணர்வு வாட்டும். "பெத்த தாயைக் கொண்டுபோய் விட்டுட்டாங்க" என்ற பேச்சு வரும். அதற்குப் பயந்தே பலர் ஓராண்டு தாமதித்து, நோயாளிக்குப் புண்ணும் தங்களுக்கு மனச்சோர்வும் வந்த பிறகு சேர்க்கிறார்கள். இரண்டு பேர் சேர்ந்தும் தூக்க முடியாத நிலை, வெளியே ஓடிவிடும் நிலை, அடிக்க வரும் நிலை ஆகியவற்றில் இல்லம் நோயாளிக்கும் பாதுகாப்பு.

நடமாடும் முதியவர்களை மட்டும் ஏற்கும் இல்லங்கள் நிறைய. "படுத்துவிட்டால் வைத்துக்கொள்வீர்களா, திருப்பி அனுப்புவீர்களா?" என்பதே முதல் கேள்வியாக இருக்கட்டும். அடுத்து, இரவில் எத்தனை பேருக்கு எத்தனை ஆள், மருத்துவமனைக்குக் கொண்டுபோனால் உடனிருப்பது யார், டயாப்பரும் மருந்தும் கட்டணத்தில் சேர்ந்ததா, முன்பணம் திரும்புமா. அரசுப் பதிவுச் சான்றைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பகலில் பார்த்தது போதாது. இரவு எட்டு மணிக்குச் சொல்லாமல் ஒருமுறை போங்கள். இல்லங்கள் குறித்த தகவலுக்கு முதியோர் உதவி எண் 14567.

## ஒரே பார்வையில்

| | தூக்கம் | பொறுப்பில்லாத நேரம் | மறைந்திருக்கும் விலை | தாங்கும் காலம் |
|---|---|---|---|---|
| ஒருவரே பார்ப்பது | மோசம் | அநேகமாக இல்லை | சம்பளம், இ.எஸ்.ஐ., இடுப்பு வலி | சுமார் 3 மாதம் |
| முறை வைப்பது | பரவாயில்லை | ஓரளவு | உறவில் கசப்பு, மருந்துக் குழப்பம் | ஒப்பந்தம் தெளிவானால் ஆண்டுகள் |
| பகல் ஆள் | மாறாது | நல்லது | ஆள் மாற்றம், விடுப்பு நாட்கள் | நீண்ட காலம் |
| இரவு ஆள் | நல்லது | குறைவு | கண்காணிப்பு, தனியுரிமை | நீண்ட காலம் |
| பகல்நேர மையம் | சற்றே மேல் | மிக நல்லது | போக்குவரத்து | நோயாளி உட்கார முடியும்வரை |
| இல்லம் | மிக நல்லது | மிக நல்லது | குற்றவுணர்வு, முன்பணம் | நீண்ட காலம் |

எந்த ஏற்பாடானாலும் முதலில் 30 நாள் சோதனையாக நடத்துங்கள். அந்த மாதத்தில் எழாமல் தூங்கிய இரவுகளை மட்டும் காலண்டரில் வட்டமிடுங்கள். பதினாறுக்குக் கீழே வந்தால் ஏற்பாட்டில்தான் குறை. பார்த்துக்கொள்பவரின் பொறுமையில் தேடாதீர்கள். பணம் தடையென்றால், நோயாளிக்கு மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்கிவிட்டீர்களா என்று பாருங்கள். உதவித்தொகைக்கும், பழைய முறையில் வருமான வரி கட்டுவோருக்குச் சார்ந்திருப்பவருக்கான ₹75,000 கழிவுக்கும் (ஊனம் 80 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் ₹1,25,000) அதுதான் அடிப்படை.

## ஏற்பாடு மட்டும் போதாத நிலை

ஆள் வைத்து, தூக்கமும் கிடைத்து, அதற்குப் பிறகும் மனம் எழவில்லையானால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் ஈடுபாடு இல்லாமல் போனது எத்தனை நாள், மனம் துவண்டு நம்பிக்கையற்று இருந்தது எத்தனை நாள் என்று இரண்டு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் இல்லவே இல்லை 0, சில நாட்கள் 1, பாதி நாட்களுக்கு மேல் 2, ஏறக்குறைய தினமும் 3. கூட்டினால் 3 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரைப் பாருங்கள். மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் கட்டணமில்லாமல் பார்க்கலாம். வெளியே போகவே முடியாதவர்கள் அரசின் தொலைபேசி மனநல உதவியான டெலி மானஸ் 14416 எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம், அதுவும் இலவசம்.

"மாத்திரை போட்டால் தூங்கிவிடுவேன், ராத்திரி அவரை யார் பார்ப்பது" என்ற பயத்தாலேயே பலர் போவதில்லை. மனச்சோர்வுக்கு இப்போது முதலில் தரும் மருந்துகளில் பல, தூக்க மாத்திரைகள் அல்ல. இரவில் எழ வேண்டியிருக்கிறது என்று மருத்துவரிடம் சொன்னால் அதற்கேற்ற மருந்தையும் நேரத்தையும் தேர்ந்தெடுப்பார். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். தேறியதும் நிறுத்திவிடாமல் மருத்துவர் சொல்லும் மாதங்கள் வரை தொடர வேண்டும்.

நோயாளி மீது கை ஓங்கிவிட்டீர்கள், வேண்டுமென்றே சாப்பாடு கொடுக்காமல் விட்டீர்கள், அல்லது இருவரும் செத்துவிட்டால் தேவலை என்று தோன்றுகிறது என்றால், ஒப்பீட்டுக்கெல்லாம் நேரமில்லை. அதே நாளில் வேறொருவர் கையில் பொறுப்பு போக வேண்டும். உறவினர், அண்டை வீட்டார், ஏஜென்சி ஆள், தற்காலிகத் தங்கல் என எது முதலில் கிடைக்கிறதோ அது. நீங்கள் 14416-ஐ அழையுங்கள். உயிருக்கு ஆபத்தென்றால் 108.